மொதல்ல வயரு, பொறவு வாயி

என் மேசைக் கண்ணாடிமேல் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான். ஜெராக்ஸ் காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல்லிவிடுகிறேன். நம் கடை வாசலில் உள்ள வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் மேசை அதிரும்; கண்ணாடிமேல் அந்தப் பெட்டி மெல்லத் தட்டும். இன்று காலை கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோதும் தட்டியது. கை அப்படியே நின்றுவிட்டது. "ஏட்டி, என்ன பராக்குப் பாக்குத? மொதல்ல வயரு" என்று நீ பின்னாலிருந்து அதட்டப்போகிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். உன் நாற்காலியில் பேப்பர்க் கட்டு இருந்தது.

அது உன் ஹார்ட் டிஸ்க். இப்போது அதில் வயரே இல்லை. சொருகினாலும் இனி அது சுற்றாது.

பாதிக் கடை என்னுடையது, பாதி உன்னுடையது என்றுதான் ஊரில் பேச்சு. என் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன். உன் பக்கம் செத்துப்போனவை: கல்யாண ஸ்டுடியோக்காரர்களின் டிஸ்க்குகள், டியூஷன் சென்டர்களின் பென்டிரைவ்கள், பிள்ளை முதல்முதலாகத் தவழ்ந்த வீடியோவோடு படுத்துவிட்ட மெமரி கார்டுகள். என்னிடம் வருகிறவர்கள் சில்லறைக்குத் தகராறு செய்வார்கள். உன்னிடம் வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பதுபோல் நிற்பார்கள். போர்டில் என் பெயருக்குக் கீழே "அழிந்த படங்கள் மீட்டுத் தரப்படும்" என்று எழுதச் சொன்னாய். அதை வாசித்துவிட்டு, பேரனின் கிழிந்த ரேஷன் கார்டுப் படத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் வந்தது நினைவிருக்கிறதா? அன்று முழுக்க நாம் சிரித்தோம்.

டிஸ்க் பழுதானால் முதலில் செய்யவேண்டியது, ஒன்றும் செய்யாமல் வயரைப் பிடுங்குவதுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் நம் ஊர்க்காரர்கள் உன்னிடம் வந்தார்கள். அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்திருந்தார்கள். பிரிட்ஜில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். திருநீறு பூசிக்கூட ஒன்று வந்தது. துளைக்குள் போயிருந்த சாம்பலை நீ பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தாய். ஒரு ஸ்டுடியோக்காரர் இரண்டு கல்யாணங்களைத் தொலைத்துவிட்டு வந்தார். திரையில் 'ஃபார்மட் செய்யலாமா' என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. சரி என்று அமுக்கிவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி அமுக்குனீக?" என்று கேட்டாய்.

"அதுவா மெனக்கெட்டு வந்து கேக்குது, தாயி. வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

உன்னால் கோபப்படக்கூட முடியவில்லை. அன்றைக்குத்தான் அந்தச் சொல் உன் வாயில் வந்தது. "இங்கன பாருங்க. டிஸ்க்கு தட்டுச்சுன்னா அது என்ன கேட்டாலும் பதில் பேசாதீக. மொதல்ல வயரு, பொறவு வாயி." அதன்பிறகு போனை எடுத்தாலே உனக்கு வணக்கத்துக்குப் பதில் அதுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கைக் கழற்ற ஒரு முறை இருக்கிறதே, முதலில் அதனிடம் சொல்லி, அது சரி என்றபிறகுதானே எடுக்கவேண்டும் என்று கேட்டேன்.

"நல்லா இருக்க டிஸ்க்குன்னா சொல்லிட்டு எடு. இது துட்டி வீடுட்டி. துட்டி வீட்டுல இருந்து கெளம்பையில போயிட்டு வாரேன்னு சொல்லுவியா? சொல்லாமத்தான எந்திரிச்சு வருவ? அப்படித்தான் எடுக்கணும்."

நீ சொன்னது சரி. சாவு விழுந்த வீட்டில் யாரும் விடைபெறுவதில்லை. 'வாரேன்' என்று சொன்னால் அந்தக் காரியத்துக்கு மறுபடியும் வரவேண்டியிருக்கும் என்று, படித்தவர்களும் வாயை மூடிக்கொண்டுதான் படியிறங்குகிறார்கள். ஒரு மிஷினைக் கழற்றுவதற்கு அதை நீ உதாரணம் சொன்னது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. இப்போதும் ஆறவில்லை. நெஞ்சில் என்னமோ இடிக்கிற மாதிரி இருக்கிறது என்று நீதான் சொன்னாய். இரண்டு மூன்று நாள் இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டு வேலை பார்த்தாய். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது, "கேஸாத்தான் இருக்கும், இந்த ஒரு டிஸ்க்க முடிச்சிருதேன்" என்றாய். இன்னும் ஒரு தடவை பார்ப்போமே என்று மறுபடி மறுபடி சொருகிப் பார்க்கிறவர்களை என்ன ஏச்சு ஏசுவாய்! உனக்கென்று வந்தபோது நீயும் அதையேதான் செய்தாய். ஒரு காலையில், இடைசெவலில் உன் வீட்டு அடுப்படியில், கையில் டம்ளரோடு விழுந்துவிட்டாய்.

துட்டி கேட்க வந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் எழுந்து பஸ் ஏறினேன். எல்லாம் முறைப்படி செய்தேன்.

முறை தப்பியது உன் வீட்டுக்காரர்தான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஐப்பசி மழை பிடித்திருந்த நாளொன்றில் உன் வீட்டு அண்ணாச்சி போன் செய்தார். உளுந்துக்கும் பருத்திக்கும் நடுவில் வாழ்கிற மனுசர். என்னிடம் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. "தாயி, அவ பெட்டி தட்டுது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நீ உன்னுடையது என்று வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது. உன் கல்யாணப் படம், மதினி வீட்டு வளைகாப்பு, நீ பேசிப் பதிந்துவைத்த ஆடியோ, எல்லாம். ஊரார் பொருளுக்கெல்லாம் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தவள், உனக்கு ஒன்றுகூட எடுத்துவைக்கவில்லை.

"வயரப் புடுங்கிட்டீகளா, அண்ணாச்சி?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள்ளே, தூரத்தில், இன்னொரு சத்தமும் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

கடையைச் சாத்திவிட்டு வந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கி உன் வீட்டுக்கு நடப்பதற்குள் கரிசல் செருப்பில் அப்பி அப்பி நான் அரையடி வளர்ந்திருந்தேன். உச்சிப் பொழுதுதான், ஆனால் விளக்கு வைக்கிற நேரம்போல் இருட்டிக்கிடந்தது. உன் வீட்டுக் கதவு தெரியுமே. மழை இறங்கினால் மண் ஊதி, நிலை நெளிந்து, கதவு இறுகிக்கொள்ளும். விரல் முட்டியால் இரண்டு தட்டு, பிறகு உள்ளங்கையால் கதவின் அடியில் ஓர் இடி. அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் தட்டுவது அப்படித்தான். உன்னோடு வந்து வந்து எனக்கும் பழகியிருந்தது. டிக், டிக். டொக்.

யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். டிக், டிக். டொக்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. டிக், டிக். டொக்.

நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன். உள்ளே தட்டுவது நிற்கவில்லை. திரும்பிப் பஸ் ஸ்டாப்புக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு முழு உடம்பாலும் கதவைத் தள்ளினேன். அது ஒரேயடியாகத் திறந்துகொண்டது.

உன் மேசை. லேப்டாப் திறந்திருக்கிறது. பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி, நீல விளக்கு மினுங்க, தட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே நாற்காலியில் அண்ணாச்சி, கேள்வி கேட்கப்போகிறவர் முன்னால் உட்கார்ந்ததுபோல் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். அவர் முகத்தில் இருந்தது பயம்.

"நீதானா தாயி? வெளிய தட்டுனது நீதானா?"

"நாந்தான் அண்ணாச்சி. காதுல விழலியா?"

"விழுந்துச்சு. ரெண்டு பக்கமும் கேட்டுச்சு. எதுக்கு எந்திரிக்கன்னு தெரியல."

உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெல்ல மெல்லக் கேட்டேன். பதினாறாம் நாள் கும்பிட்டு முடித்தபிறகு, உன் படத்தைப் பார்க்கலாமென்று, நீ செய்வதைப் பார்த்திருந்த ஞாபகத்தில் வயரைச் சொருகியிருக்கிறார். படம் வரவில்லை. தட்டத்தான் செய்திருக்கிறது. கொஞ்ச நேரம் தட்டி ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும் வயரைப் பிடுங்கிவிட்டுக் காட்டுக்குப் போவார். வந்து மறுபடி சொருகுவார். தட்டும். அன்றாடம் இதுதான். அன்று மட்டும் காலையிலிருந்து ஓயவில்லை; அதனால்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

"பிடுங்கையில சும்மா பிடுங்க மாட்டேன், தாயி. போயிட்டு வாரேன்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தான் பிடுங்குதேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மொதல்லயே சொல்லிட்டேன்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மறுநாள் பாலூத்திட்டுத் திரும்பையில, காட்டுக்குப் போகையில எப்பவும் சொல்லுத மாதிரி, 'போயிட்டு வாரேன் புள்ள'ன்னு வாய்ல வந்துருச்சு. எங்க அண்ணன் கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தாரு. சொல்லியாச்சே, இனி என்ன செய்ய? வாரேன்னு சொல்லிட்டுப் போகாம இருந்தா அவ தேடமாட்டாளா? அதான் அவ தட்டுதா."

"அண்ணாச்சி, அது டிஸ்க்கு."

"டிஸ்க்குன்னு எனக்கும் தெரியும். வேற டிஸ்க்கு ஏன் நம்ம வீட்டுக் கதவு மாதிரி தட்டல?"

உன்னோடு இருந்த வருசங்களில் தட்டுகிற டிஸ்க்குகளை எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஒன்று பல்லிபோல் சொல்லும், ஒன்று தையல் மிஷின்போல் ஓடும். இரண்டு தட்டி, நின்று, ஓர் இடி இடித்தது இது ஒன்றுதான்.

மொதல்ல வயரு. எனக்கும் தெரியும். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் வயர் இருந்தது. நீட்டமுடியவில்லை. அந்த மனுசர் பெண்டாட்டியைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு, மிச்சமிருந்த சத்தத்தோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். அதை நிறுத்த நான் யார்? ஆனால் நீ சொல்லிக்கொடுத்த கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டு, ஒரு கீறல். ஒரு தட்டு, ஒரு கீறல். உன் கல்யாணம், உன் சிரிப்பு, உன் குரல், எல்லாம் அந்தச் சத்தத்துக்கு அடியில் உதிர்ந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் நான் மரியாதை பார்த்தால் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அதனால் கொடூரமாகச் சொன்னேன். வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"அவ தட்டல, அண்ணாச்சி. உள்ள ஒரு தட்டு சுத்துது, அதுலதான் அவ படமெல்லாம் இருக்கு. அதுக்கு மேல ஒரு ஊசி போகணும். அது ஒடிஞ்சுபோயி விழுந்து விழுந்து எந்திரிக்குது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளச் சொரண்டி எடுக்குது."

தட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்ப, இத்தன நாளும் நானா அவள அழிச்சுக்கிட்டு இருந்தேன்?"



அவர் எழுந்தார். எத்தனையோ தடவை பிடுங்கிய வயர்தான், பிடிப்பதற்குப் பழகிய கைதான். வயரில் விரலை வைத்ததும், பழக்கதோசத்தில் உதடு பிரிந்தது. 'போ' என்று எழுத்து வருவதுகூடத் தெரிந்தது. "சொல்லாதீக, அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே உன் குரல்போல் கேட்டது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிடுங்கினார்.

அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. மழைகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, புறவாசல் வழியாகக் காட்டைப் பார்த்து நடந்தார். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் நடப்பதுபோல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கரிசலில் அவர் கால் புதைவதும் எழுவதும் தெரிந்தது. நான் அழுதேன். உன் சாவுக்கு அன்றைக்குத்தான் சரியாக அழுதேன்.

மதுரையில் தூசி புகாத அறை வைத்திருக்கிறவரிடம், உன்னால் முடியாதவற்றை நீ அனுப்புவாயே, அவரிடம் நானே கொண்டுபோனேன். உன் பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கரண்ட் இல்லாத பெட்டி தட்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாத்தூர் தாண்டும்வரை உள்ளங்கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"கொஞ்சம் முன்னால கொண்டுவந்திருக்கலாம்" என்றார் அவர். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார் என்று நீ சொல்லியிருக்கிறாய். கிடைத்தது கொஞ்சம்தான். படங்களில் பாதிக்குமேல் போய்விட்டன. வந்தவையும் முழுதாக வரவில்லை. மேலே உன் முகம் இருக்கும், கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம். கல்யாணப் படத்தில் அண்ணாச்சி தாலியைப் பிடித்தபடி சாம்பலை நோக்கிக் குனிந்திருக்கிறார். அதை அவரிடம் கொடுப்பதா என்று யோசித்தேன். கொடுத்தேன். உன் முகம் இருந்ததே.

குரல் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. நீ போவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் வீட்டில் வைத்துப் பதிந்தது. போனில் கத்திக் கத்தித் தொண்டை போகிறது, பேசி வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னாயே, அதுதான். அண்ணாச்சியைக் கடைக்கு வரச் சொன்னேன். உன் வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஃபேனை நிறுத்திவிட்டு அதைப் போட்டேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. டிஸ்க்கு தட்டுச்சுன்னா பயப்படாதீக. மொதல்ல வயரு, பொறவு வாயி. ஒரே ஒரு தடவ பாப்போம்னு மறுபடி சொருவாதீக. அது என்ன கேட்டாலும் சரின்னு சொல்லாதீக. பிரிட்ஜு வேண்டாம், அரிசி வேண்டாம், துன்னூறு சாமிக்கு. அப்படியே துணியில சுத்தி எடுத்துட்டு..."

அண்ணாச்சி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போது அந்த ஒலிக்குள் கேட்டது. டிக், டிக். டொக்.

நீ பேச்சை நிறுத்துகிறாய். "யாரு?" என்கிறாய். டிக், டிக். டொக். "இருங்க, வாரேன்" என்கிறாய். நாற்காலி நகர்கிறது. உன் கொலுசு போகிறது. கதவு தரையில் உரசித் திறக்கிறது. பிறகு தூரத்தில் உன் குரல், ஆச்சரியப்பட்டதுபோல், சந்தோசப்பட்டதுபோல்: "அட... வாங்க."

அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிந்திய இடத்தைக் கீறல் தின்றுவிட்டது.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "பால்காரரா இருக்கும்."

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

உங்கள் ஊர்ப் பால்காரர் வண்டியைவிட்டுக் காலை ஊன்றாமல் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடிக்கிறார், அவசரத்துக்கு அரை லிட்டர் கூட வாங்கமுடியவில்லை என்று நீ என்னிடம் எத்தனை தடவை சலித்திருப்பாய். அது அண்ணாச்சிக்கும் தெரியும். அவருக்கென்று நான் அதை ஏற்றிவைத்திருந்த பென்டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எப்போது வந்தாலும் "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று சொல்லாமல் படியிறங்கினார்.

எனக்கு ஒரு பதில் இருக்கிறது. அது டிஸ்க்தான். மைக்குக்குப் பக்கத்திலேயே அது இருந்திருக்கிறது. அன்றைக்கே தட்டத் தொடங்கிவிட்டது. நீ அதைக் கதவென்று நினைத்து எழுந்து போயிருக்கிறாய். ஊருக்கெல்லாம் சொன்னவள், வயரை விட்டுவிட்டு வாயைத் திறந்து "வாரேன்" என்று பதில் சொல்லியிருக்கிறாய். இதை நம்புவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. நான் அப்படித்தான் நம்புகிறேன். கதவைத் திறந்து நீ யாரை வாங்க என்றாய் என்பதை மட்டும் அதில் பொருத்த முடியவில்லை.

உன் ஆடியோவை மூன்று இடங்களில் பிரதி எடுத்துவைத்திருக்கிறேன். 'எடுத்துட்டு' என்ற சொல்லோடு வெட்டி, கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அனுப்புகிறேன். வெட்டாதது என்னிடம் இருக்கிறது. உன் பக்கத்து வேலையையும் நானே பார்க்கிறேன். பெரிதாகத் தெரியாது, பிடுங்கவும் மதுரைக்குக் கொண்டுபோகவும் தெரியும். போன வாரம் எனக்கு நெஞ்சு லேசாகப் பிடித்தது. கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்றுமில்லை, கேஸ்தான் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னை நன்றாக ஏசினேன்.

இப்போது ஒரு பஸ் வேகத்தடையில் ஏறி இறங்குகிறது. மேசை அதிர்கிறது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று, இரண்டு தட்டோடு நின்றுவிடவேண்டும். இடம் விட்டு, இன்னொன்றும் கேட்கிறது.

யாரு என்று கேட்க வாய் வருகிறது, உன்மேல் சத்தியமாக. நான் கேட்கவில்லை. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறேன். இந்த மடலை முடித்து விடைபெறும்போது எழுதவேண்டிய அந்த ஒரு சொல்லை எழுதாமல், எழுந்துகொள்கிறேன்.